டிராஃப்ட்டுக்குப் பெயர் கொடுத்தால் கல்லூரியை விட்டுவிட்டார் என்று அர்த்தமா? – அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் போடும் மே மாதக் கணக்கு

2023 மார்ச் 17. ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரம். அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தேசியக் கூடைப்பந்துப் போட்டியின் முதல் சுற்று. தன் பிரிவில் முதலிடத்தில் இருந்த பர்டூ பல்கலைக்கழகம், பதினாறாம் இடத்தில் இருந்த ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழகத்திடம் 58–63 என்று தோற்றது. ஆண்கள் போட்டியின் வரலாற்றில் பதினாறாம் இடத்து அணி முதலிடத்து அணியை வீழ்த்தியது அதற்கு முன் ஒரே ஒரு முறைதான். பர்டூவின் நடுநாயகம் ஸாக் ஈடி, 7 அடி 4 அங்குல உயரம். ஃபேர்லி டிக்கின்சனோ கல்லூரிக் கூடைப்பந்தின் உயர்மட்டமான முதல் பிரிவில் ஆடும் முந்நூற்றுச் சொச்சம் அணிகளில் சராசரி உயரம் மிகக் குறைந்த அணி. ஈடி 21 புள்ளிகள் எடுத்தும் கதை மாறவில்லை.

அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான நைஸ்மித் விருது ஈடிக்குத்தான் கிடைத்தது. அவர் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் டிராஃப்ட்டுக்கு, அதாவது அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு, பெயரும் கொடுத்தார். ஆனால் கெடு முடியும் நாளான மே 31 அன்று பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டு பர்டூவுக்கே போய்விட்டார்.

இப்படி ஒரு செய்தி வந்தால் பேச்சு இரண்டு பக்கமாகப் பிரியும். "நாட்டிலேயே சிறந்த ஆட்டக்காரருக்கு என்பிஏவில் இடமில்லையா? பயந்துவிட்டார்" என்பது ஒரு பக்கம். "காசுக்கு ஆசைப்படாமல் கல்லூரிக்கு விசுவாசமாக இருந்தார்" என்பது மறுபக்கம். இரண்டுமே விஷயத்தைத் தொடவில்லை என்பது என் எண்ணம். அங்கே நடப்பது ஒரு கணக்கு. இருபது வயதுப் பையனும் அவன் வீட்டாரும் சில வாரங்களுக்குள் போட்டு முடிக்க வேண்டிய கணக்கு. அதை முதலிலிருந்து பார்ப்போம். கூடைப்பந்து தெரியாதவர்களுக்கும் புரியும்.

தெருவில் ஆள் பிரிப்பது போல

டிராஃப்ட் என்றதும் நம்மவர்கள் பலருக்கு ஐபிஎல் ஏலம் நினைவுக்கு வரும். அந்த ஒப்பீடு இங்கே உதவாது. ஏலத்தில் அணிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டு விலையை ஏற்றும். டிராஃப்ட்டில் விலைப்பேச்சே கிடையாது.

அதைவிடத் தெருக் கிரிக்கெட்தான் சரியான உவமை. இரண்டு கேப்டன்கள் எதிரெதிரே நின்று, "எனக்கு அவன்", "எனக்கு இவன்" என்று மாறி மாறி ஆள் பிரிப்பார்கள். கூப்பிட்டவன் பக்கம் போயாக வேண்டும், அடம்பிடிக்க முடியாது. என்பிஏவில் கேப்டன்களுக்குப் பதிலாக 30 அணிகள். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதக் கடைசியில், புதிதாகத் தொழில்முறை ஆட்டத்துக்கு வருகிறவர்களை வரிசைப்படி தேர்ந்தெடுப்பார்கள். இதுதான் டிராஃப்ட். மொத்தம் இரண்டு சுற்று; சுற்றுக்கு 30 பேர் என்று ஏறக்குறைய 60 இடங்கள்.

யார் முதலில் கூப்பிடுவது? போன பருவத்தில் மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்னுரிமை. ஆனால் கடைசி இடத்தில் வந்த அணிக்கு முதல் தேர்வு நிச்சயம் என்றால், எல்லோரும் வேண்டுமென்றே தோற்க ஆரம்பித்துவிடுவார்கள். அதைத் தடுக்கத்தான் குலுக்கல். அடுத்த கட்டத்துக்குத் தகுதி பெறாத 14 அணிகளும் முதல் நான்கு இடங்களுக்குக் குலுக்கலில் போட்டியிடும். இதற்கு லாட்டரி என்று பெயர். 2025இல் டல்லாஸ் மேவரிக்ஸ் அணிக்கு முதல் இடம் கிடைக்க 1.8 சதவீத வாய்ப்புதான் இருந்தது, கிடைத்துவிட்டது. அந்த இடத்தில் அவர்கள் எடுத்தது டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு வருடம் ஆடியிருந்த கூப்பர் ஃபிளாக் என்ற பதினெட்டு வயது இளைஞரை.

வயது வரம்பையும் சொல்லிவிடலாம். 1995இல் கெவின் கார்னெட், 1996இல் கோபி பிரையன்ட், 2003இல் லெப்ரான் ஜேம்ஸ் எல்லோரும் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே என்பிஏவுக்குப் போனவர்கள். 2006 டிராஃப்ட்டிலிருந்து அந்தக் கதவு மூடப்பட்டது. டிராஃப்ட் நடக்கும் ஆண்டு முடிவதற்குள் 19 வயது நிறைய வேண்டும்; அமெரிக்க வீரர் பள்ளிப் படிப்பு முடிந்து ஓர் ஆண்டாவது கழித்திருக்க வேண்டும். அதனால்தான் மிகத் திறமையான பையன்கள் கல்லூரியில் ஒரு வருடம் மட்டும் தலைகாட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள்.

எத்தனையாவது ஆள் என்பதுதான் சம்பளம்

என் பார்வையில் இந்தக் கட்டுரையின் அச்சாணி இந்தப் பகுதிதான். "என்பிஏவில் ஆடத் தகுதி இருக்கிறதா?" என்று கேட்பதால் பாதிப் பதில்தான் கிடைக்கும். "எத்தனையாவது இடத்தில் எடுப்பார்கள்?" என்பதுதான் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வி.

முதல் சுற்றில் எடுக்கப்படும் 30 பேருக்கும் சம்பளப் பட்டியல் முன்கூட்டியே தயாராக இருக்கும். இதற்கு ரூக்கி ஸ்கேல் என்று பெயர்; ரூக்கி என்றால் முதல் வருட வீரர். அரசு வேலையில் பதவிக்கேற்ப ஊதிய விகிதம் இருப்பது போல, இங்கே தேர்வு வரிசைக்கேற்ப ஊதியம். முதல் ஆளாகத் தேர்வான ஃபிளாக்குக்கு முதல் பருவத்தில் சுமார் 1 கோடியே 38 லட்சம் டாலர். அதே சுற்றில் முப்பதாவதாக வருகிறவருக்குச் சுமார் 27 லட்சம் டாலர். இடைவெளி பெரிதுதான். ஆனால் முப்பதாவது ஆளுக்கும் ஒரு பெரிய பாதுகாப்பு உண்டு: முதல் இரண்டு வருடச் சம்பளம் உறுதி. கால் உடைந்தாலும், ஆட்டம் சோபிக்காவிட்டாலும் அந்தப் பணம் வரும். மூன்றாம், நான்காம் வருடங்களைத் தொடர்வதா என்பது அணியின் விருப்பம்.

முப்பத்தொன்றாவது ஆளிலிருந்து நிலைமையே வேறு. இரண்டாம் சுற்றில் அப்படி உறுதிசெய்த பட்டியல் இல்லை. பேசித்தான் வாங்க வேண்டும். சிலருக்கு நல்ல ஒப்பந்தம் அமையும். பலருக்கு டூ-வே ஒப்பந்தம்தான் கிடைக்கும். என்பிஏ அணியோடும் அதன் கிளை அணியோடும் மாறி மாறி ஆடுவது டூ-வே. 2024–25 பருவத்தில் அதற்குச் சம்பளம் சுமார் 5 லட்சத்து 78 ஆயிரம் டாலர். புதியவருக்கான குறைந்தபட்ச என்பிஏ சம்பளத்தில் சரிபாதி. கிளை அணிகள் ஆடும் போட்டிக்கு ஜி லீக் என்று பெயர். வெறும் ஜி லீக் ஒப்பந்தம் மட்டும் என்றால் பருவத்துக்கு 40 ஆயிரத்துச் சில்லறை டாலர். அமெரிக்காவில் அதை வைத்து வாடகை கட்டிச் சாப்பிடலாம், அவ்வளவுதான்.

டிராஃப்ட்டில் பெயர் வந்துவிட்டால் என்பிஏ வேலை கிடைத்துவிட்டது என்று நினைப்பது நம் ஊர்ச் செய்திகளிலும் நடந்த தவறுதான். 2015இல் பஞ்சாபின் சத்னம் சிங்கை டல்லாஸ் மேவரிக்ஸ் 52ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்து டிராஃப்ட்டில் தேர்வான முதல் வீரர் அவர்; பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் அவர் கடைசிவரை ஒரு என்பிஏ ஆட்டத்தில்கூடக் களமிறங்கவில்லை. இதில் அவர் குறை என்று ஒன்றுமில்லை. இரண்டாம் சுற்றின் பின்பகுதியில் எடுக்கப்படுபவர்களில் பலருக்கு அதுதான் நடக்கிறது.

இதுவரை பார்த்ததன் சாரம் இது. அணிகள் வரிசையாக ஆள் எடுக்கும். முதல் 30க்குள் வந்தால் உறுதியான பணம். அதைத் தாண்டினால் பேரம். அறுபதுக்கும் வெளியே போனால் ஜி லீக்கோ வெளிநாட்டு அணிகளோதான். முதல் பத்துக்குள் வருவார் என்று எல்லோரும் சொல்லும் பையனுக்குக் குழப்பம் குறைவு, அவன் போய்விடுவான். குழப்பமெல்லாம் 25ஆவது இடத்திலிருந்து அறுபதுவரை எங்கே விழுவோம் என்று தெரியாமல் நிற்பவனுக்குத்தான்.

பூவைப் பார்த்துத் தோப்பைக் குத்தகை பேசுவது

கல்லூரியில் சிறந்தவன், இன்னொரு வருடம் ஆடி மேலும் சிறந்தவனானால் மதிப்பு ஏறத்தானே வேண்டும்? சில நேரம் இறங்குகிறது. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்புக் குத்தகை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். மரத்தில் பூ இருக்கும்போதே வியாபாரி வந்து விலை பேசுவார். பூ எவ்வளவு அடர்த்தி, மரம் எவ்வளவு இளசு, தண்ணீர் வசதி எப்படி என்று பார்த்து, இத்தனை டன் வரும் என்று மனக்கணக்குப் போட்டுப் பணம் கொடுப்பார். அவர் வாங்குவது காய்க்கப்போகும் காயை. காய் பிடித்த பிறகு பேசினால் ஊகத்துக்கு இடமில்லை; கண்ணுக்குத் தெரிவதற்குத்தான் விலை.

என்பிஏ அணியும் அப்படித்தான் பார்க்கிறது. 19 வயதுப் பையன் சராசரியாக ஆடினாலும், "இன்னும் நான்கு வருடத்தில் இவன் எங்கே போவான்!" என்று கற்பனை செய்ய இடமிருக்கிறது. 22 வயதுக்காரன் பிரமாதமாக ஆடினாலும், "இவன் இவ்வளவுதான்" என்று பேனாவை மூடிவிடுவார்கள். ஒவ்வொரு வருடமும் கல்லூரியில் தங்கும்போது, ஊகத்துக்குக் கொடுக்கப்படும் விலை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அதை ஈடுகட்டும் அளவுக்கு ஆட்டம் உயர்ந்தால்தான் திரும்பிப் போனது லாபம்.

ஆஸ்கர் ஷிப்வே இதற்கு உதாரணம். காங்கோவிலிருந்து வந்தவர், கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2022இல் நைஸ்மித் விருது பெற்றார். பந்தை மீட்டெடுப்பதில் அவரை மிஞ்ச அப்போது கல்லூரிகளில் ஆளில்லை. அந்த ஆண்டு போகாமல் திரும்பினார். 2023 டிராஃப்ட்டில் அறுபது இடங்களுக்குள் அவர் பெயர் வரவே இல்லை. இந்தியானா பேசர்ஸ் அணியில் டூ-வே ஒப்பந்தத்தில்தான் தொடங்க வேண்டியிருந்தது.

ஈடி விஷயத்தில் கணக்கு வேறாக இருந்தது. அவர் டொராண்டோக்காரர். சின்ன வயதில் ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடியவர். கூடைப்பந்துக்கு வந்ததே உயர்நிலைப் பள்ளியில்தான். ஆக, வயது இருபதைத் தாண்டியிருந்தாலும் அவர் மரத்தில் இன்னும் பூ இருந்தது. 2023இல் அவரை இரண்டாம் சுற்றில் வைத்தே பலரும் பேசினார்கள். இவ்வளவு உயரமானவர் வேகமான என்பிஏ ஆட்டத்தில் ஓடித் தடுக்க முடியுமா என்பது அவர்களின் சந்தேகம். அவர் திரும்பிப் போனார். 2024 ஏப்ரலில் பர்டூவை இறுதியாட்டம்வரை கொண்டுபோனார். கனெக்டிகட்டிடம் 60–75 என்று தோற்ற அந்த ஆட்டத்தில் பர்டூவின் 60இல் 37 புள்ளிகள் அவருடையவை. ஜூனில் மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் அவரை ஒன்பதாவது ஆளாக எடுத்தது. முதல் பருவச் சம்பளம் சுமார் 57 லட்சம் டாலர். டூ-வே ஒப்பந்தத்தைப் போல் பத்து மடங்கு.

இன்னொரு வகையும் உண்டு: குறிப்பிட்ட ஒரு குறையைச் சரிசெய்யத் திரும்புவது. டேவிட்சன் என்ற சிறிய கல்லூரியை 2008இல் கடைசி எட்டு அணிகளுக்குள் கொண்டுபோன ஸ்டெஃபன் கர்ரி, அதோடு கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. பந்தைக் கூடையில் போடத் தெரிந்த அவர், மூன்றாம் ஆண்டில் அணியை நடத்திச் செல்லும் பாயின்ட் கார்டு இடத்தில் ஆடிப் பழகினார். அவரைப் போன்ற உயரமில்லாத ஒல்லி உடம்புக்காரருக்கு என்பிஏவில் அந்த இடம்தான் கிடைக்கும். 2009இல் ஏழாவது ஆளாகத் தேர்வானார். அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

சீக்கிரம் போவதில் உள்ள உண்மையான லாபம்

"ஒரு வருடம் தாமதித்தால் ஒரு வருடச் சம்பளம்தானே போகும்?" என்று கேட்பார்கள். போவது முதல் வருடச் சம்பளம் அன்று. வாழ்க்கையின் உச்சச் சம்பளத்தில் ஒரு வருடம்.

எப்படி? முதல் சுற்று வீரரின் முதல் ஒப்பந்தம் நான்கு வருடம்வரை ஓடும். அதுவரை எவ்வளவு பிரமாதமாக ஆடினாலும் பட்டியல் சம்பளம்தான். பெரிய பணம் இரண்டாவது ஒப்பந்தத்தில்தான் வருகிறது. ஓர் அணி தன் வீரர்களுக்கு மொத்தமாகச் செலவிடலாம் என்று என்பிஏ விதிக்கும் அளவுக்குச் சம்பள உச்சவரம்பு என்று பெயர். 2025–26 பருவத்தில் அது ஏறத்தாழ 15 கோடியே 46 லட்சம் டாலர். இளம் வீரர் ஒருவர் தன் இரண்டாவது ஒப்பந்தத்தில் அதில் பொதுவாகக் கால்பங்குவரை கேட்கலாம். அதாவது வருடத்துக்கு 3 கோடியே 86 லட்சம் டாலர் அளவில்.

இப்போது இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 19 வயதில் போகிறார். இரண்டாவது ஒப்பந்தம் 23 வயதில் தொடங்கும். மற்றவர் 22 வயதில் போகிறார். அவருக்கு அது 26. முழங்கால்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதில்தான் தேயும். முன்னால் போனவருக்கு, உடம்பு முறுக்காக இருக்கும் காலத்தில் மூன்று வருடப் பெரிய சம்பளம் கூடுதலாகக் கிடைக்கிறது. கிராமத்தில் பணி ஓய்வு வயது மாறாத வேலைக்கு யார் முந்திச் சேர்ந்தார்கள் என்று பார்ப்போமே, அதே கணக்கு. லாட்டரி இடங்களுக்குள் வரும் பையன்களை "இன்னும் ஒரு வருடம் படித்துவிட்டுப் போகக் கூடாதா?" என்று கேட்பதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

படிப்பு பாழாகிறதே என்ற கவலை நம் வீடுகளில் இயல்பாக எழும். அதில் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் கல்லூரியின் கதவு திறந்தேதான் இருக்கிறது. கர்ரி மீதமிருந்த பாடங்களை முடித்து 2022இல் பட்டம் வாங்கினார்; கிளம்பி 13 ஆண்டுகள் கழித்து. டிம் டங்கன் வேறு மாதிரி. எந்த ஆண்டு கிளம்பியிருந்தாலும் உயரத்தில் தேர்வாகியிருக்கக்கூடிய அவர், வேக் ஃபாரஸ்டில் நான்கு ஆண்டும் படித்து உளவியலில் பட்டம் வாங்கிக்கொண்டுதான் 1997இல் முதல் ஆளாகப் போனார். பட்டத்தை முடிப்பேன் என்று இறந்துபோன தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தார். கணக்குக்குள் அடங்காத இப்படிப்பட்ட காரணங்களும் உண்டு.

பெயர் கொடுப்பது வேறு, போய்விடுவது வேறு

இருக்கிற வேலையை விடாமல் வேறு கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய்வருகிறோம் அல்லவா? டிராஃப்ட்டுக்குப் பெயர் கொடுப்பது இன்று ஏறக்குறைய அதுதான்.

டிராஃப்ட்டுக்கு 60 நாள் முன்பு, அதாவது ஏப்ரல் கடைசிக்குள், கல்லூரிக் காலம் மீதமுள்ளவர்கள் என்பிஏவுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். நான்கு பருவமும் ஆடி முடித்தவர்கள் தாமாகவே பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள். பெயர் கொடுத்தவர்கள், அணி நிர்வாகிகளைக் கொண்ட ஆலோசனைக் குழுவிடம் தங்களை எங்கே மதிப்பிடுகிறார்கள் என்று கேட்டறியலாம். மே மாதம் சிகாகோவில் நடக்கும் காம்பைனுக்குச் சிலருக்கு அழைப்பு வரும். காம்பைன் என்பது அளவெடுப்பும் தேர்வும் சேர்ந்த முகாம். காலணி இல்லாமல் உயரம், கைகளை விரித்தால் எவ்வளவு நீளம், நின்றபடி எவ்வளவு எட்டுகிறது, எவ்வளவு குதிக்கிறான் என்று எல்லாவற்றையும் பதிவு செய்வார்கள். ஐந்துக்கு ஐந்து ஆட்டமும் உண்டு. அணிகள் தனித்தனியாகவும் கூப்பிட்டு ஆட வைத்துப் பார்க்கும். 2018க்குப் பிறகு, சில விதிகளுக்கு உட்பட்டு ஏஜென்டையும் வைத்துக்கொள்ளலாம். கல்லூரிக்குத் திரும்பினால் அந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள வேண்டும்.

காம்பைன் முடிந்து பத்து நாளில் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் கெடு. அதற்குள் பெயரைத் திரும்பப் பெற்றால் கல்லூரி வாழ்க்கை அப்படியே இருக்கும். 2025இல் அது மே 28. அந்தக் கோட்டைத் தாண்டியும் பெயர் பட்டியலில் இருந்தால், பொதுவாகத் திரும்பும் பாதை அடைபட்டுவிடுகிறது. ஆக, செய்தியில் "டிராஃப்ட்டுக்குப் பெயர் கொடுத்தார்" என்று ஏப்ரலில் வந்தால் அது விடைபெறல் அல்ல. மே கடைசிவரை பொறுத்திருந்து பார்க்க வேண்டும்.

இந்த உரிமை சும்மா கிடைத்ததில்லை. ஒரு காலத்தில் பள்ளி முடித்து நான்கு ஆண்டு ஆகாதவரை என்பிஏ சேர்க்காது. டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டோடு வெளியேறிய ஸ்பென்சர் ஹேவுட், மிசிசிப்பியில் பருத்தி பறித்து வளர்ந்தவர். சியாட்டில் அணி அவரை எடுத்ததும் என்பிஏ தடுத்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய் 1971இல் அவருக்குச் சாதகமாக வந்தது. இன்று 19 வயதில் கோடிகளுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியுமோ! தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

2021இல் தராசு சாய்ந்தது

இதுவரை சொன்ன கணக்கில் கல்லூரித் தட்டில் பணமே இல்லை. படிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு கிடைக்கும். சம்பளம் கூடாது என்பது என்சிஏஏ பல பத்தாண்டுகளாகக் காத்த விதி. பயிற்சியாளர்கள் கோடிகளில் வாங்கினார்கள். ஆடுகிற பையன் தன் கையெழுத்தை விற்றால்கூடக் குற்றம். அந்த நாள்களில் டூ-வே ஒப்பந்தமே பெரிய தொகை. வீட்டுக் கஷ்டம் உள்ளவன் அதற்காகவே கிளம்பிவிடுவான். அதைப் பேராசை என்று சொன்னவர்கள்மேல் எனக்கு அப்போதும் இப்போதும் வருத்தம்தான்.

2021 ஜூன் மாதம், படிப்பு தொடர்பான சலுகைகளுக்கு என்சிஏஏ வரம்பு வைத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பல மாநிலங்களும் சட்டம் இயற்றிவிட்ட நிலையில், ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயர், உருவம், அடையாளம் ஆகியவற்றை வைத்துச் சம்பாதிக்க என்சிஏஏ வழிவிட்டது. இதைத்தான் என்ஐஎல் என்கிறார்கள். விளம்பரம், கையெழுத்து நிகழ்ச்சி, ஆதரவாளர்கள் சேர்ந்து திரட்டும் நிதி என்று பல வழிகளில் பணம் வந்தது. 2025 ஜூனில் ஒரு பெரிய வழக்கின் சமரசத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட பிறகு, கல்லூரிகளே நேரடியாக வருமானத்தைப் பகிரலாம் என்றானது. முதல் ஆண்டில் ஒரு கல்லூரி தன் எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் சேர்த்துச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்வரை கொடுக்கலாம்.

கணக்கு தலைகீழானது. இரண்டாம் சுற்றில் விழக்கூடிய வீரருக்குப் பெரிய கல்லூரி ஒன்று டூ-வே சம்பளத்தைவிட அதிகம் கொடுக்க முன்வருகிறது. கூடவே ஆட்ட நேரமும் தொலைக்காட்சி வெளிச்சமும். 2021இல் முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் 353 பேர், 2025இல் 106. இதில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும்: கொரோனா காரணமாக எல்லோருக்கும் ஒரு பருவம் கூடுதலாகக் கிடைத்ததால், நான்காம் ஆண்டு வீரர்களும் பெயர் கொடுக்க வேண்டி வந்தது; 2021இன் எண்ணிக்கை அதனாலும் வீங்கியது. அதைக் கழித்துவிட்டாலும் சரிவு சரிவுதான்.

"திரும்புவது" என்ற சொல்லின் பொருளும் மாறிவிட்டது. கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் இணையப் பட்டியலுக்கு டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்று பெயர். முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும். இப்போது வேண்டாம். யாக்ஸல் லெண்டபோர்க் 2025 டிராஃப்ட்டிலிருந்து பெயரை விலக்கிக்கொண்டார். ஆனால் ஆடிக்கொண்டிருந்த அலபாமா-பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை, மிச்சிகனுக்குப் போனார். அதனால் பயிற்சியாளர்கள் பாடும் திண்டாட்டம்தான். போகிறானா, இருக்கிறானா, வேறு கல்லூரிக்கா என்று தெரியாமல் மே கடைசிவரை ஓர் இடத்தைக் காலியாக வைத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாமல் வேறு ஆளைச் சேர்த்துவிட்டால், திரும்பி வருகிறவனுக்கு இடம் இருக்காது.

இந்தப் புதுப் பணம் எல்லோருக்கும் ஒரே மாதிரி எட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஈடியும் ஷிப்வேயும் வெளிநாட்டு மாணவர்கள். எஃப்-1 விசாவில் பிள்ளைகளை அனுப்பிய நம் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும்: அமெரிக்க மண்ணில் வேலை பார்த்துச் சம்பாதிக்க ஆயிரம் கட்டுப்பாடு. சக வீரன் விளம்பரத்தில் நடித்துக் கார் வாங்கும்போது, அணியின் தூணான ஈடி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டியிருந்தது. அப்படியும் திரும்பினார் என்பதால்தான் அவர் முடிவு எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. பணத்தட்டு லேசாக இருந்தும், ஆட்டம் உயரும் என்ற நம்பிக்கை மட்டுமே அந்தப் பக்கம் எடை போட்டிருக்கிறது.

சுருக்கமாக: 2021க்கு முன் போவதா, இருப்பதா என்பது பணத்துக்கும் படிப்புக்கும் இடையிலான கேள்வி. இன்று அது இந்த வருடப் பணத்துக்கும் அடுத்த பத்து வருடப் பணத்துக்கும் இடையிலான கேள்வி.

பெண்கள் ஆட்டத்தில்

மகளிர் என்பிஏவின் விதிகள் வேறு. அமெரிக்கக் கல்லூரி வீராங்கனை டிராஃப்ட் ஆண்டில் 22 வயதை எட்ட வேண்டும், அல்லது பட்டம் முடிக்க வேண்டும். அதனால் அங்கே பெரும்பாலோர் நான்கு ஆண்டும் ஆடுகிறார்கள். சம்பளமும் குறைவாக இருந்தது: 2024இல் முதல் ஆளாகத் தேர்வான கெய்ட்லின் கிளார்க்கின் முதல் பருவச் சம்பளம் 76,535 டாலர்தான். அரங்கங்களை நிரப்பிய ஆட்டக்காரருக்கு! கல்லூரியில் இருந்தபடியே விளம்பரங்களில் அதைவிடப் பல மடங்கு சம்பாதிக்கலாம் என்றிருந்தபோது, திரும்புவது எளிதான முடிவாக இருந்தது. 2025இல் உயர்ந்த இடத்தில் தேர்வாவார் என்று எதிர்பார்க்கப்பட்ட ஒலிவியா மைல்ஸ், டிராஃப்ட்டுக்குப் போகாமல் நோட்டர் டேமிலிருந்து டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்.

ஒரே முடிவு, இரண்டு இடங்கள்

2024 மே மாதத்தில் டிராஃப்ட்டிலிருந்து பெயரை விலக்கிக்கொண்டவர்களில் இருவர்: ஃபுளோரிடாவின் வால்டர் கிளேட்டன், ஆபர்னின் ஜானி புரூம். பதினோரு மாதம் கழித்து, 2025 ஏப்ரல் 5 அன்று, சான் அன்டோனியோவில் தேசிய அரையிறுதியில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். பருவம் முழுக்க நாட்டின் தலைசிறந்த இரண்டு மூன்று பேரில் ஒருவராகப் பேசப்பட்டவர் புரூம். அன்றிரவு கிளேட்டன் 34 புள்ளிகள் எடுத்தார். ஃபுளோரிடா 79–73 என்று வென்றது. இரண்டு நாள் கழித்து ஹியூஸ்டனையும் 65–63 என்று வென்று கோப்பையைத் தூக்கியது.

இருவருக்கும் அப்போது 22 வயது. ஜூனில் பெயர்கள் வாசிக்கப்பட்டபோது கிளேட்டன் 18ஆவது ஆள்: முதல் சுற்று, பட்டியல் சம்பளம், இரண்டு வருடம் உறுதி. புரூமின் பெயர் முதல் நாள் இரவு வரவே இல்லை. மறுநாள் 35ஆவது ஆளாக ஃபிலடெல்பியா அவரை எடுத்தது. அதற்குப் பிறகு அவரது ஏஜென்ட் பேசித்தான் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது.